விமானத்தில் நான் தூங்கிய பதினோரு மணி நேரம்

எங்கள் மகள் டல்லாஸில் முனைவர் பட்டம் முடித்திருந்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லி டிக்கெட்டையும் எடுத்து அனுப்பிவிட்டாள். டிக்கெட் வந்த அன்றே நான் கவலைப்பட ஆரம்பித்தேன். என்னைப் பற்றி இல்லை, என் கணவரைப் பற்றி.

அவருக்குக் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. அறுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு, தொப்பையும் உண்டு. தண்ணீர் குடி என்றால் டீ குடிப்பார். அவரைப் பதினாறு மணி நேரம் ஒரே விமானத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது லேசான காரியமா? நான் கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கத்துப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். அருவிக்குச் சுற்றுலா கூட்டிப்போன நாற்பது பிள்ளைகளையும் ஒருத்தர் காலில்கூட முள் குத்தாமல் திருப்பிக் கொண்டுவந்தவள். இந்த ஒரு ஆளை விட்டுவிடுவேனா?

முதலில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் டாக்டர் ஒரு அம்மா, நிதானமாகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்தா கால்ல ரத்த ஓட்டம் மந்தமாகும். சில பேருக்கு உள்ளே இருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கும். எல்லாருக்கும் வராது. ஆனா வந்து, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்த வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இடுப்பை இறுக்காத உடுப்பு. சர்க்கரை மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் இல்லை. யாராவது சொன்னார்கள் என்று ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையும் தானாகப் போடக்கூடாது. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். தேவைப்பட்டால் காலை அளந்து வாங்கிய அழுத்தக் காலுறை. போய் இறங்கின பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

என் கணவர் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறீங்களா?" என்று இடித்தேன்.

"எல்லாம் கேட்டுக்கினுதான் கீறேன் டீச்சர்" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆகிறது. இன்னும் அவருக்கு நான் டீச்சர்தான். கோபம் வந்தால் டீச்சரம்மா.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்களும்தானே போறீங்க? உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று புடவையை இழுத்துவிட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றதில் என் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். அதைக் காட்டினால் பேச்சு என் பக்கம் திரும்பிவிடும். வந்தது அவருக்காக. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கால அட்டவணை போட்டேன். பச்சை மையில் நடை, நீல மையில் தண்ணீர், சிவப்பு மையில் மாத்திரை. குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரீட்சைக்கு முன்னால் மாதிரித் தேர்வு வைக்காமல் என்னால் இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் இன்னொரு நாற்காலியை முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கிப் போட்டேன். டிவியைப் போட்டுவிட்டேன். மணிக்கு ஒருமுறை பள்ளிக்கூட விசிலை ஊதினேன். ஊதினால் எழுந்து அடுப்படிவரை நடந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்துமுறை குதிகாலைத் தூக்கி இறக்கிவிட்டு வந்து உட்கார வேண்டும்.

மூன்றாவது விசிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் நடக்குது உங்க வூட்ல?"

"அமெரிக்கா போய்க்கினு கீறேன்" என்றார் என் கணவர், குதிகாலைத் தூக்கிக்கொண்டே. "இப்பதான் துபாய் தாண்டிச்சு."

காலுறை வாங்கப் போனோம். சர்ஜிக்கல் கடைக்காரர் அவருடைய கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து கொடுத்தார். எனக்கும் ஒரு ஜோடி வாங்கச் சொல்லி என் கணவர்தான் வற்புறுத்தினார். கடையில் ஆம்பளைகள் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் புடவையைத் தூக்கி அளவு கொடுப்பதா? "அவருக்குக் கொடுத்த அளவே கொடுங்க" என்றேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அதை எப்படியோ உருவி, பெட்டியில் பருப்புப்பொடிக்கும் முறுக்குக்கும் நடுவே திணித்துவைத்தேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

இனி நான் சொல்லப்போவதில் என் பெருமை கொஞ்சம் அடிபடும்.

எனக்கு வண்டி ஏறினால் வயிற்றைப் பிரட்டும். மலைக்கு வேலைக்குப் போன காலம் முழுக்க வாந்தி மாத்திரைதான் துணை. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று போட்டால், கொண்டை ஊசி வளைவு ஒன்றும் தெரியாது. கரியாலூரில் கண்டக்டர் தட்டி எழுப்புவார். வருஷக்கணக்காகப் போட்டுப் பழகியதால் அது எனக்கு மருந்தாகவே தோன்றியதில்லை. கைக்குட்டை, சீப்பு மாதிரி பையில் கிடக்கிற ஒரு சாமான். டாக்டர் தூக்க மாத்திரை வேண்டாம் என்று சொன்னபோது நான் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்போதும் பையிலிருந்த இந்த மாத்திரை ஞாபகத்துக்கு வரவில்லை.

சென்னை வரைக்கும் காரில் ஐந்து மணி நேரம், விமான நிலையத்தில் காத்திருப்பு மூன்று மணி நேரம், துபாய்வரை நாலரை மணி நேரம். அதுவரை எல்லாம் என் அட்டவணைப்படி நடந்தது. துபாயில் பெரிய விமானத்தில் ஏறியதும் எனக்கு ஜன்னலோர இருக்கை, அவருக்கு நடுவில். நடைபாதை ஓரம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். இனி பதினாறு மணி நேரம். விமானம் லேசாகக் குலுங்கியதும் எனக்கு வாயில் எச்சில் ஊறிற்று. மலைக்கு ஒன்று என்றால் அமெரிக்காவுக்கு இரண்டாவது வேண்டாமா? இரண்டு போட்டேன். பாத்ரூமுக்கு அந்தப் பெரியவரை எழுப்ப வேண்டியிருக்குமே என்று ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன். காலை மடக்கி இருக்கைக்குள் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்து, ஜன்னலில் சாய்ந்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் அட்டவணையை ஒரு நிமிஷம்கூடத் தவறவிடவில்லையாம். மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் போய், சாப்பாடு வைத்திருக்கும் இடத்தில் குதிகால் பயிற்சி. விமானப் பணிப்பெண்களில் ஒருத்தி கேரளத்துப் பெண். அவளோடு பேச்சுக் கொடுத்ததில் அவளும் சேர்ந்து குதிகாலைத் தூக்க ஆரம்பித்தாள். நாலாவது சுற்றில் தெலுங்குக் குடும்பம் ஒன்று. ஏழாவது சுற்றில் அந்த வெள்ளைக்காரப் பெரியவரே எழுந்து பின்னால் வந்துவிட்டார். மொழி தெரியாமல் என் கணவர் காலைக் காட்டி, கையால் குழாய் மாதிரி செய்து, பிறகு கழுத்தைப் பிடித்துக் கண்ணை மூடிக் காட்டினாராம். பெரியவருக்கு உடனே புரிந்துவிட்டது.

என்னை மூன்றுமுறை எழுப்பியிருக்கிறார். முதல்முறை, "மணி அடிச்சாச்சு டீச்சர், எழுந்து நட" என்றதற்கு நான், "போய் உங்க இடத்துல உக்காருங்க" என்று அதட்டினேனாம். இரண்டாம் முறை, "பேசறவங்க பேரை போர்டுல எழுது" என்றேனாம். மூன்றாம் முறை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பதினோரு மணி நேரம். எழுந்தபோது வலது கால் கட்டை மாதிரி மரத்திருந்தது. நல்ல தூக்கம் என்று எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மகள் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் வலது கெண்டைக்காலில் வலி. குரக்குவலி பிடித்த மாதிரி இருந்தது, ஆனால் விடவில்லை. பெட்டியைத் தூக்கியதால் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தொட்டால் சூடாக இருந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? விசில் ஊதியவள் நான். அட்டவணை போட்டவள் நான். விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மகள் அலமாரியில் அவளுடைய கறுப்பு அங்கியைத் தொங்கவிட்டிருந்தாள். நாளுக்கு நாலு தடவை அதைத் தடவிப் பார்ப்பாள். அவளிடம் போய்க் காலைப் பற்றிப் பேச மனசு வரவில்லை.

நாலாம் நாள் காலை. மாடியிலிருந்து இறங்கி வருகிறேன். கீழே சோபாவில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, நொண்டிக்கினு வர?"

"ஒண்ணும் இல்ல. சுளுக்கு."

"காலைக் காட்டு."

"சுளுக்குன்னு சொல்றேன் இல்ல?"

அவர் டம்ளரை வைத்தார். மகளிடம் தையல் டேப் இருக்கிறதா என்று கேட்டார். பழைய மோட்டாரைப் பிரித்துவைத்துக்கொண்டு அளவெடுக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதே முகத்தோடு தரையில் குந்தி, என் இரண்டு காலையும் நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு இடது காலை அளந்தார். அதே இடத்தில் வலது காலை அளந்தார். திரும்ப ஒருமுறை அளந்தார்.

"மூணு சென்டிமீட்டர் ஜாஸ்தி" என்றார் மகளிடம். என்னிடம் பேசவே இல்லை. "ரெண்டு காலும் வீங்கியிருந்தா களைப்புன்னு வுட்டுடலாம். இது ஒரு கால்தான். டாக்டரம்மா சொல்லிச்சு. காரை எடு."

பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிய நான்தான் கோட்டைவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காலில் பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருந்தது. சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். மகள் தமிழில் சொன்னாள்.

"விமானத்துல நடந்தீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "நோ, நோ. ஸ்லீப்பிங்" என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினார்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"நோ."

"தூங்கறதுக்கு எதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல" என்றேன் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்து, "வாந்திக்கு மட்டும் ரெண்டு" என்றேன்.

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, இதுவும் தூக்கம் வரவைக்கும் மருந்துதான் என்றார். ஏற்கனவே சுருண்ட நரம்பு, வயசு, கொஞ்சம் உடம்பு எடை, அதோடு பதினோரு மணி நேரம் மடக்கிய கால். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்திருக்கும் என்றார். நல்லவேளையாகச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று என்னைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வெட்கம்தான் பெரிதாக இருந்தது. கூரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், சரியாக வருகிறதா என்று. திரும்பி வந்தபோது என் கணவர் ஆஸ்பத்திரியின் நீளமான நடைபாதையில் நின்றிருந்தார். என் செருப்பு இரண்டையும் கையில் பிடித்திருந்தார். கீழே வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் வைக்கவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, "உன்ன நல்லா உலுக்கி எழுப்பியிருக்கணும். திட்டுவன்னு பயந்துக்கினு வுட்டுட்டேன்" என்றார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன், வரவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவரை இவ்வளவு பயப்படும்படி வைத்திருக்கிறேனா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதத்துக்கு. கீழே விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பல் ஈறில் ரத்தம் வந்தால் சொல்ல வேண்டும், வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடக்கூடாது. படுத்தே கிடக்க வேண்டியதில்லை, நடக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டவணை அவர் கைக்குப் போய்விட்டது. கால் மணிக்கு ஒருமுறை, "மூச்சு முட்டுதா?" என்று கேட்பார். "நீங்க கேக்கறதுலதான் முட்டுது" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் கேட்பதை நிறுத்தவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்குப் போனேன். மூன்று மணி நேர விழா. அரை மணிக்கு ஒருமுறை என் கணவர் என் முழங்கையைத் தொடுவார். நான் எழுந்து வரிசை முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓரத்துக்குப் போய் நடந்துவிட்டு வருவேன். இப்படி ஒரு நடையின்போதுதான் மகள் பேரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் படிக்கட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடையில் ஏறியவள் கண்ணுக்கு முதலில் பட்டது நான்தானாம். கையை ஆட்டினாள். நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பின்வரிசைக்காரர்கள் மறைக்கிறது என்று முணுமுணுத்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மாத்திரை முடிந்து, மறுபடி ஸ்கேன் பார்த்து, பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பினோம். இந்தமுறை ஆம்பளை பொம்பளை பார்க்காமல் காலை நீட்டி அளவு கொடுத்தேன். நடைபாதை ஓர இருக்கை எனக்கு. வாந்திக்கு மாத்திரை இல்லை, டாக்டர் சொன்னபடி சிறகுக்குப் பக்கத்து வரிசை, வயிறு நிறையச் சாப்பிடாமல், அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர். பிரட்டியது. ஒருமுறை வாந்தியும் எடுத்தேன். அதற்கென்றே பை வைத்திருக்கிறார்கள், உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

ஊருக்கு வந்து பல மாதம் ஆகிறது. இப்போது துருகம் ரோட்டில் மோட்டார் கொண்டு வருகிறவர்களுக்கு நடுவே, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களும் வருகிறார்கள். எப்படியோ செய்தி பரவிவிட்டது. போன மாதம் தியாகதுருகத்திலிருந்து ஒரு கணவன் மனைவி, மெல்போர்ன் போகிறவர்கள், நேராகக் கடைக்கே வந்தார்கள். நான் சாப்பாட்டுக் கேரியரோடு போயிருந்தேன்.

"முதல்ல டாக்டரைப் பாருங்க, நான் காயில் கட்றவன்" என்றுதான் என் கணவர் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார். பம்புசெட் குழாயில் தண்ணி ஓடாம நின்னா அடியில் சேறு படியுதில்ல, அப்படித்தான் கால்ல ரத்தம் என்றார். அந்த மனைவி பயந்தே போனார்.

"எல்லாருக்கும் வராதுங்க" என்றேன் நான். "நடந்தா, தண்ணி குடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. கால்ல நரம்பு சுருண்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. பையில என்னென்ன மாத்திரை வச்சிருக்கீங்களோ, எல்லாத்தையும் அவர் மேஜையில கொட்டிக் காட்டுங்க."

"டீச்சர் சொன்னா சரியா இருக்கும்" என்றார் என் கணவர், சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர்கள் மெல்போர்ன் போய்ச் சேர்ந்த மறுநாள் செய்தி அனுப்பினார்கள். இருவரும் நலம், பெரியவருக்குக் கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று. என் கணவர் கையிலிருந்த செம்புக் கம்பியைப் போட்டுவிட்டு, "ரெண்டு காலையும் ஒண்ணா வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று பதில் போட்டார். போட்டோ வந்தது. இரண்டு காலும் ஒரே மாதிரிதான் உப்பியிருந்தது. அவருக்குத் திருப்தியில்லை. "டேப் வச்சு அளந்து அனுப்புங்க. வலிக்குதான்னும் சொல்லுங்க. நாளைக்கும் வடியலன்னா டாக்டரப் பாருங்க" என்று எழுதினார். அளவு வருகிறவரை நான் கொண்டுபோன கேரியரைத் திறக்கவே இல்லை. சாம்பார் ஆறிப்போயிற்று. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, இரண்டு காலும் ஒரே அளவு, வலி இல்லை என்று பதில் வந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.